வீடு வாங்க வக்கீல் வைத்தோம்: ஆறு வருஷம் கழித்து எழுதுவது

2019 மே மாதம் மதுரைக்கு மேற்கே ஒரு பழைய தனி வீடு வாங்கினோம். விலை 46 லட்சம். அதில் வக்கீலுக்குக் கொடுத்தது 15,000 ரூபாய். வாங்கிய புதிதில் யார் கேட்டாலும் "வக்கீல் செலவுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்பேன். தரகர் காட்டிய வக்கீல் 3,000 ரூபாய்க்கு மறுநாளே லீகல் (பத்திரங்களைச் சரிபார்த்து எழுதும் அறிக்கை) போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வித்தியாசம் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது உறுத்துவதில்லை. ஏன் என்று எழுதுகிறேன். நாங்கள் வைத்த வக்கீலிடம் எனக்கிருக்கும் மனத்தாங்கலையும் மறைக்காமல்.

அந்த 3,000 ரூபாய் வக்கீலை வேண்டாம் என்றது நானில்லை, என் மனைவி. "விக்கிறவரு கூட்டிட்டு வந்த தரகரு. தரகரு கூட்டிட்டு வர்ற வக்கீலு. இதுல நமக்குன்னு யாருங்க இருக்கா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அலுவலகத்தில் ஒரு அண்ணன் சொத்து வழக்கில் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர். அவரிடம் கேட்டேன். "பத்திரம் எழுதுற ஆள்கிட்ட போகாதே, சிவில் கேஸ் நடத்துற ஆள்கிட்ட போ. எந்தப் பத்திரம் எங்க கிழியும்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்று ஒரு நம்பர் கொடுத்தார். அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. மாவட்ட நீதிமன்றத்தில் முப்பது வருஷப் பழக்கம். நாங்கள் எல்லோரும் அவரை வக்கீலம்மா என்றுதான் சொல்வோம், நேரில் மட்டும் மேடம்.

முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு வலித்தது. "அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?"

"ஐம்பதாயிரம் டோக்கன் மட்டும் மேடம்."

"எதைப் பார்த்துக் குடுத்தீங்க?"

வீட்டைப் பார்த்துத்தான். கிணறு, முருங்கை மரம், தெற்குப் பார்த்த வாசல். காகிதம் ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் ஒரு துண்டுத்தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தார்: மூலப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம், பாகப்பிரிவினை, பட்டா, வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்று. ஜெராக்ஸ் போதும் என்று நினைத்து எடுத்துப் போனேன். ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றுவிட்டார். அசல் பத்திரத்தை யாரிடமாவது வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அது வில்லங்கச் சான்றில் (ஈ.சி.) ஏறாமலே இருக்கலாமாம். ஈ.சி. சுத்தமாக இருந்தால் சொத்து சுத்தம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட பாகம் எதுவும் வராது. ஆன்லைனில் 1975-லிருந்துதான் கிடைத்தது. அதற்கு முந்தையதற்குப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் எழுதிய ஈ.சி. வாங்க வைத்தார். விற்பவரின் பெயரை நீதிமன்ற இணையதளத்தில் போட்டுத் தேடியதும் அவரே.

மூன்று வாரம் ஆனது. தரகர் தினமும் போன். "என்ன சார், வேற பார்ட்டி கேஷோட நிக்கிறாங்க."

வரலாறு இதுதான். 1978-ல் தகப்பனார் கிரையம் வாங்கிய மனை. 1994-ல் அவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். 1996-ல் பாகப்பிரிவினைப் பத்திரம். தாயார், மூத்தவர், இளையவர் மூவரும் கையெழுத்துப் போட்டு, இந்த வீடு இளையவருக்கு. அவர்தான் எங்களுக்கு விற்கிறவர். எல்லாம் பதிவான பத்திரங்கள். வாரிசுச் சான்று மட்டும் "எங்கேயோ வச்சிட்டோம்" என்றார்.

வக்கீலம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அந்தக் குடும்பத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தார். மேலே ஒரு கட்டம், பக்கத்தில் ஒன்று, கீழே இரண்டு. கீழ்க் கட்டங்கள் இரண்டுக்கும் நடுவே இடம் விட்டிருந்தார். பென்சில் முனையை அங்கே வைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, அந்த வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தீங்கள்ல? ஹால்ல போட்டோ ஏதும் மாட்டியிருந்துச்சா?"

யோசித்தேன். மாலை போட்ட ஒரு பெரியவர் படம். அதற்குப் பக்கத்தில் ஸ்டூடியோவில் எடுத்த பழைய குடும்பப் படம். இரண்டு பையன்கள், நடுவில் பாவாடை சட்டையில் ஒரு பெண்.

"அந்தப் புள்ள எங்க கையெழுத்துப் போட்டுச்சு?"

நேரே விற்பவரிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "தங்கச்சிக்கு எண்பத்தஞ்சுலயே முப்பது பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு. அதுக்கு இதுல என்ன இருக்கு?" பொய் சொல்லும் முகம் இல்லை அது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

நானும் இடையில் கொஞ்சம் படித்துவிட்டு, தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை 1989-ல்தானே வந்தது, அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாதே என்று வக்கீலம்மாவிடம் வாதாடினேன். 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம் இரண்டுமே பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை என்றார். இது அப்பா தன் காசில் வாங்கிய சுயார்ஜிதச் சொத்து. உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முப்பது பவுன் போட்டது பாசக்கணக்கு, பங்குக்கணக்கில் சேராது. இத்தனை நாளும் நான் குழப்பிக்கொண்டிருந்த விஷயம் இது. ஊரில் பாதிப்பேர் இன்னும் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கை சிவகாசியில் இருந்தார். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. தங்கையிடம் தனியாக விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) வாங்குவதா, அல்லது அவரும் கிரையப் பத்திரத்திலேயே விற்பவராகக் கையெழுத்துப் போடுவதா என்று இரண்டு வழி. வக்கீலம்மா இரண்டாவதைச் சொன்னார். தங்கைக்குப் பேசி முடித்த நான்கு லட்சத்தையும் அண்ணன் கையில் தராமல், எங்கள் விலையிலிருந்தே அவர் பெயருக்கு டி.டி. எடுத்து, அந்த டி.டி. எண்ணைப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும் என்றார். இதற்கே இரண்டு மாதம் ஓடிவிட்டது. விற்பவர் என் போனை எடுப்பதை நிறுத்தினார். தரகர் "வக்கீல் வச்சுக் கெடுத்துட்டீங்களே சார்" என்றார். ஒரு கட்டத்தில் எனக்கே, இவ்வளவு கிளற வேண்டுமா என்று தோன்றிவிட்டது.

பதிவு அன்று காலையில் தங்கை மகனோடு வந்தார். பதிவு அலுவலகத்தில் எங்கள் டோக்கன் எண் வரும்வரை அண்ணன் ஒரு மூலை, தங்கை ஒரு மூலை. டி.டி.யைக் கொடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்ணால் ஒரு முறை, எழுத்தால் ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். "அண்ணன் குடுக்கிறேன்னு சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கைரேகை வைக்கப் போனார்.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக அன்றைக்கு 11 சதவீதம். பேசிய விலை முழுவதும் பத்திரத்தில் ஏற வேண்டும் என்று வக்கீலம்மா பிடிவாதமாக நின்றதால் ஐந்து லட்சத்துச் சொச்சம் போனது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். சந்தோஷப்படுவதற்குள் வழிகாட்டி மதிப்பை (அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை) 2017-ல் குறைப்பதற்கு முன்னால் இருந்த அளவுக்கே ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் பேனல் வக்கீலும் ஒருவர் உண்டு. கட்டணம் என்னிடம்தான் வாங்கினார்கள், அறிக்கை போனது வங்கிக்கு. இரண்டே நாளில் சரி என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வங்கிப் பணம் திரும்புமா என்பது அவர் பார்க்க வேண்டியது. பத்து வருஷம் கழித்து யாராவது வாசலில் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியது நான்தானே.

இனி மனத்தாங்கல். மாடிக்கு முறையான கட்டட அனுமதி இல்லை. கீழ்த்தளத்துக்கு மட்டுமே பிளான் அப்ரூவல். வங்கி மதிப்பீட்டாளர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாடியைக் கணக்கில் எடுக்காமல் கடன் தொகையைக் குறைத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் மனைவியின் நகை அடகுக்குப் போனது. வக்கீலம்மாவிடம் கேட்டதற்கு, "நான் பார்த்தது டைட்டில், சொத்து யாருக்கு உரிமைங்கிறது. கட்டடத்துக்கு இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வராது. ஏழு பக்க லீகல் ஒப்பீனியனை இரண்டு முறை படித்தும் தலை எது வால் எது என்று எனக்குப் புரியவில்லை. பட்டா மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் நாங்களே அலைந்து முடித்ததுதான்.

ஆனால் அவர் செய்த வேலையில் பாதி, பின்னால்தான் கண்ணில் பட்டது. பழைய பத்திரத்தில் தென்வடல் 60 அடி என்று இருந்தது. சர்வேயரை வைத்து அளந்தால் 58½. பழையபடியே எழுதிவிடலாம் என்றார் விற்பவர். வக்கீலம்மா அளந்ததைத்தான் எழுதினார். அதோடு செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) வடக்கு எல்லையாக வெறுமனே பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போடாமல், "அவருடைய காம்பவுண்டுச் சுவருக்குத் தெற்கு" என்று எழுதி, வரைபடமும் இணைத்தார். 2022-ல் பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டினார். பழைய சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் ஒன்றரை அடி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். பத்திரத்தை எடுத்துப் போனேன். அவருடைய கொத்தனார்தான் முதலில் படித்தார், பிறகு அவர். சாயங்காலமே குழியை மூடிவிட்டார்கள். இன்றும் வாரம் ஒருமுறை எங்கள் முருங்கைக்காய் அவர் வீட்டுக்குப் போகிறது.

2024-ல் ஊர் நிலத்தை விற்றுக் கடனை முன்கூட்டியே அடைத்தோம். அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் நாளைக்கு 5,000 ரூபாய் ஈடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பரில் வந்துவிட்டதால் சீக்கிரமே கையில் கிடைத்தன. அத்தோடு முடிந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏதோ காரணத்துக்கு வக்கீலம்மாவிடம் பேசும்போது "ரசீதுப் பத்திரம் போட்டாச்சா?" என்றார். கடன் வாங்கும்போது ஆவண ஒப்படைப்பு (அசல் பத்திரங்களை வங்கியிடம் அடமானமாகக் கொடுத்தது) என்று ஒன்றைப் பதிந்திருக்கிறார்கள். அதை ரத்து செய்ய வங்கி அதிகாரி வந்து ரசீது பதிந்து தராவிட்டால், அடைத்த கடன் ஈ.சி.யில் அப்படியே நிற்கும். வங்கியில் ஒருவரும் இதை எனக்குச் சொல்லவில்லை. மூன்று முறை நடந்து முடித்தேன்.

போன மாதம் என் மச்சினன் கட்டி முடித்த ஃப்ளாட் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் எனக்குப் போன் பண்ணினான். வக்கீலம்மாவிடம் கேட்டேன். ஃப்ளாட் விவகாரம் தான் எடுப்பதில்லை என்று வேறு ஒருவர் நம்பரைத் தந்தார். போனை வைப்பதற்கு முன்னால், பிரிபடாத பாகம் (நிலத்தில் அந்த ஃப்ளாட்டுக்குச் சேரும் பங்கு) எத்தனை சதுர அடி, நிறைவுச் சான்று இருக்கிறதா, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் என்ன, நிலத்தின் மேல் பில்டர் வாங்கிய கடன் நிற்கிறதா என்று நாலு கேள்வியை எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்படியே மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் பில்டருக்கு அனுப்பினான். முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் அன்றைக்கே பதில் வந்தது. மற்ற இரண்டையும் நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்கிறார்களாம்.