அடைத்துக்கொள்ளும் சவ்வே மேல்

எங்கள் குடியிருப்பு பழைய மகாபலிபுரம் சாலையில், பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத இடத்தில் இருக்கிறது. 96 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர், அதில் 80 விழுக்காடு கழிவுநீர் என்று போட்டால் தினமும் ஏறக்குறைய 41,000 லிட்டர். பழைய சுத்திகரிப்பு நிலையம் படுத்துவிட்டபோது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இரண்டு முறைகளான எஸ்.பி.ஆரா, எம்.பி.ஆரா என்று குடியிருப்போர் சங்கத்தில் பெரிய வாக்குவாதம்.

எஸ்.பி.ஆரில் ஒரே தொட்டியில் காற்றூதி, கசடு படிந்ததும் மேலே தெளிந்ததை வடித்துவிடுவார்கள். எம்.பி.ஆரில் படியும்வரை காத்திருப்பதில்லை; தொட்டியில் மூழ்கியிருக்கும் நுண்துளைச் சவ்வுகளின் வழியே பம்பு நீரை உறிஞ்சிக்கொள்ளும். இடம் குறைவு, விலையும் மின்கட்டணமும் கூடுதல். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

சவ்வு அடைத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் எதிர்த்தார்கள். நான் எம்.பி.ஆர். கேட்டதும் அதற்காகவேதான். எங்கள் பழைய நிலையமும் படியவைக்கும் வகை. சுத்திகரித்த நீரைக் கழிப்பறைகளுக்குத்தான் திருப்பி விடுகிறோம். சேர்ந்த கசடை நேரத்துக்கு வெளியேற்றாததால் அது நீரோடு கலந்து கழிப்பறைத் தொட்டிகள்வரை ஏறியது. நாற்றம் வந்தும் தண்ணீர் நிற்கவில்லை. ஆபரேட்டரும் பதிவேட்டில் ‘சரி’ என்றே எழுதி வந்தார். சவ்வில் அந்த மழுப்பல் நடக்காது. தலைமுடி, சமையல் எண்ணெய், போர்வெல் நீரின் உப்பு என எது படிந்தாலும் உறிஞ்சும் அழுத்தம் ஏறும், வரத்துக் குறையும். கழிப்பறையில் தண்ணீர் வராத அன்றே செயலாளரின் கைபேசி அலறும். உடனே ஹைப்போ என்ற குளோரின் கரைசலைப் போட்டு வழுக்கலையும், சிட்ரிக் அமிலம் விட்டு உப்புப் படிவையும் கழுவியாக வேண்டும். தலைமுடியைத் தடுக்கச் சவ்வுக்கு முன்னால் ஒரு நுண்சல்லடை இருக்கிறது. அதை அன்றாடம் சுத்தம் செய்தால் பாதித் தொல்லை தீரும்.

இந்த வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. சவ்வு இழை அறுந்தால் அழுத்தம் ஏறாது, கலங்கிய நீர் சத்தமில்லாமல் வந்துவிடும். அதனால் தினமும் காலையில் ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். சவ்வு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உழைக்கும் என்பார்கள். எங்களுக்கு மூன்றுதான் ஆகிறது. மாற்றும் செலவு இனிமேல்தான் தெரியும். மாதந்தோறும் தனியாக ஒரு தொகை ஒதுக்கி வருகிறோம், போதுமா என்று சொல்லத் தெரியவில்லை.

தனி வீட்டுக்காரர் கேட்டால் சவ்வு வேண்டாம் என்பேன். குளியலறை நீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் போதும்.