பாண் விலை வழக்கு: 25 டொலர் கார்டா, நீதிமன்றக் காசா?

2017 டிசம்பரில் கனடாவின் பெரிய மளிகைக்கடை நிறுவனமான லோப்லாவும் அதன் தாய் நிறுவனமான ஜோர்ஜ் வெஸ்டனும், பாண் விலையை மற்ற நிறுவனங்களோடு பேசிவைத்து ஏற்றியதாகத் தாங்களே ஒத்துக்கொண்டன. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, 2001 கடைசியிலிருந்து 2015 வரை. வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் கனடாவின் போட்டிப் பணியகம் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணங்களைப் பார்த்தால், பாண் செய்பவர்கள் 7 சதம் கூட்டுவது, விற்பவர்கள் 10 சதம் கூட்டுவது என்று ஒரு கணக்கே ஓடியிருக்கிறது. இந்த இரண்டு நிறுவனங்களும் தாமாகப் போய்ப் பணியகத்திடம் சொன்னதால் அவற்றுக்குக் குற்ற வழக்கிலிருந்து விலக்கு. பாண் செய்யும் கனடா பிரெட் நிறுவனம் 2023இல் குற்றத்தை ஏற்று 50 மில்லியன் டொலர் அபராதம் கட்டியது. ஆனால் அபராதக் காசு அரசாங்கத்துக்குத்தான் போகும், பாண் வாங்கிய வீட்டுக்கு வராது.

வீட்டுக்கு வரக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, 2018 தொடக்கத்தில் லோப்லா தன் கடைகளில் பாவிக்கக் கொடுத்த 25 டொலர் பரிசுக் கார்ட். மற்றது, பாண் வாங்கிய எல்லோர் சார்பிலும் ஒன்றாகத் தொடர்ந்த கூட்டு வழக்கில் கிடைக்கும் பங்கு. எது நல்லது என்று ஸ்காபரோவில் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் அப்போது பெரிய பேச்சு. "கார்டை வாங்கினால் வழக்கு போடும் உரிமை போய்விடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எங்கள் மாமி எடுக்கவே இல்லை. உண்மை அது இல்லை. கார்டை எடுத்தவர் விட்டுக்கொடுத்தது அந்த 25 டொலரை மட்டும்தான். பின்னால் வழக்கில் ஏதாவது கிடைத்தால் அதில் 25 கழியும், அவ்வளவே.

சரி, கார்டின் நல்ல பக்கம் என்ன? பெயரையும் விலாசத்தையும் பதிந்தால் போதும், பில் தேவையில்லை, காத்திருப்பும் சில மாதங்கள்தான். கெட்ட பக்கம், அந்தக் காசை அதே நிறுவனத்தின் கடையில்தான் செலவழிக்க முடியும். விலையை ஏற்றியவனின் கல்லாவுக்கே நட்டஈடு திரும்பிப் போவது எனக்கு இன்றைக்கும் நெருடுகிறது.

கூட்டு வழக்குக்கு வருவோம். 2024இல் லோப்லாவும் வெஸ்டனும் 500 மில்லியன் டொலருக்குச் சமரசம் பேசி, 2025இல் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. 500 என்று தலைப்பில் வந்தாலும் அதில் 96 மில்லியன் ஏற்கனவே கொடுத்த கார்டுகளின் கணக்கு, மிச்சம் 404 மில்லியன்தான் புதுக் காசு. அதிலிருந்துதான் சட்டத்தரணிகளின் கட்டணமும் நிர்வாகச் செலவும் போகும். 2001 தொடக்கம் 2021 முடிவு வரை பொதிசெய்த பாணைக் கனடாவில் வாங்கிய யாரும் கிளெய்ம் போடலாம் என்று 2025 செப்டம்பர் 11 முதல் டிசம்பர் 12 வரை திறந்து வைத்திருந்தார்கள். இங்கேயும் பில் கேட்கவில்லை. கார்ட் எடுக்காதவர்களுக்கு முதலில் 25 டொலர் வரை, அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் எல்லோருக்கும் பங்கு.

அதாவது 2018இல் கார்ட் எடுத்தவருக்கு அன்றைக்கே கிடைத்ததைத்தான், எடுக்காதவர் ஏழு வருடத்துக்கு மேல் காத்திருந்து பெறுகிறார். காசாகக் கிடைக்கிறது என்பது மட்டும் வித்தியாசம். அதனால் தனி ஆளின் கணக்கில் பார்த்தால் கார்டே மேல் என்பது என் முடிவு, ஆனால் அதற்கு ஒரே காரணம் அதில் முழு உரிமையையும் எழுதி வாங்கவில்லை என்பதுதான். அந்த ஒரு வரி வேறு மாதிரி இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு வழியிலும் எனக்கு இருக்கும் குறை, எல்லோருக்கும் ஒரே தொகை என்பது. கிழமைக்கு மூன்று பாண் வாங்கும் வீடு 14 வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்கியிருக்கும். 25 டொலரைப் பிரித்தால் ஒரு பாணுக்கு ஒரு சதம் சொச்சம். மாதத்துக்கு ஒன்று வாங்கியவருக்கும் அதே 25.

அமெரிக்காவில் வேறு மாதிரிச் செய்தார்கள். கோழி விலையைப் பேசிவைத்து ஏற்றியதாகப் போட்ட வழக்கில் டைசன், பில்கிரிம்ஸ் முதலான ஆறு கோழி இறைச்சி நிறுவனங்கள் சேர்ந்து நுகர்வோருக்கு 181 மில்லியன் டொலர் கொடுத்தன. எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டு அந்த விகிதத்தில் பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்து வருடத்துக் கோழியை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? மனதில் பட்ட எண்ணைத் துணிந்து எழுதுபவருக்குக் கூட வரும், பயந்து குறைத்து எழுதும் நேர்மையான ஆளுக்குக் குறையும். அதோடு ஹலால், ஆர்கானிக் என்று விற்ற கோழி கணக்கிலேயே இல்லை. ஹலால் கடையில் மட்டும் வாங்கிய குடும்பத்துக்கு எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கல் மாநிலம். தயாரித்தவரிடம் நேரே வாங்காமல் கடை வழியாக வாங்கியவர் மத்திய சட்டத்தில் நட்டஈடு கேட்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லிவிட்டது. அதனால் மாநிலச் சட்டம் இடம் கொடுக்கும் இடங்களில் இருப்பவருக்கு மட்டுமே பங்கு. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013இல் நேர்மாறாக, கடை வழியாக வாங்கியவரும் வழக்குத் தொடரலாம் என்றது. பாண் வழக்கு எல்லா மாகாணங்களுக்கும் பொருந்தியது இதனால்தான், இந்த விஷயத்தில் நம் சட்டம் எவ்வளவோ மேல்.

கூட்டு வழக்கிலிருந்து விலகித் தனியாக வழக்குப் போடுவது மூன்றாவது வழி. அமெரிக்கக் கோழி வழக்கில் வால்மார்ட், உணவு மொத்த விநியோகம் செய்யும் சிஸ்கோ (Sysco) போன்ற பெரும் கொள்வனவாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது, சட்டத்தரணியின் முதல் கடிதத்துக்கே 25 டொலரைப் போல் பல மடங்கு போய்விடும்.

பாண் கிளெய்ம் திறந்தபோது மாமிக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கார்ட் எடுத்த சித்தப்பாவோ "எனக்குத்தான் கிடைத்துவிட்டதே" என்று இருந்தார், மிச்சக் காசில் அவருக்கும் பங்கு வரலாம் என்று விளங்கப்படுத்தி அவருக்கும் ஒன்று போட்டுவிட்டேன்.