ஏஜென்ட்டுகளுக்கு ஒரு எச்சரிக்கை: ‘லீட்’ தருகிறோம் என்று வரும் ஆப், உங்கள் பார்ட்டிகளைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது

கோவை, திருப்பூர் பக்கம் சைட், வீடு, தோட்டம் முடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுகளைக் குறிவைத்து ஒரு மொபைல் ஆப் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் பணம் கட்டி வாங்கியவன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

ஆபீசுக்கு வந்த விற்பனையாளர் தொழில் தெரிந்தவர் போலத்தான் பேசினார். “அண்ணா, இனிமே டைரியே வேண்டாம். பார்ட்டி நம்பர், சைட் போட்டோ, லொகேஷன், ஃபாலோ-அப் எல்லாம் ஒரே ஆப்ல. மாசாமாசம் ஜெனியூன் லீட் நாங்களே தந்துடறோம்.” லீட் என்றால் சொத்து வாங்கவோ விற்கவோ நினைக்கும் புதுப் பார்ட்டியின், அதாவது வாடிக்கையாளரின், பெயரும் எண்ணும். திரையில் ஒரு தட்டுத் தட்டினால் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் இருக்கும் அடமானம், விற்பனைப் பதிவுகள்), போனைக் கையில் பிடித்து நடந்தால் நில அளவு என்று அடுக்கினார். பிரவுச்சரில் ‘டிஎன்ரெரா அப்ரூவ்டு’ (தமிழ்நாட்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி பெற்றது) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வருடச் சந்தா 36,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 42,480.

நம் தொழிலில் மூலதனம் என்பது பணம் இல்லை, போனில் இருக்கும் எண்கள்தான். ஒவ்வொரு எண்ணையும் எப்படிப் பதிந்து வைப்போம் என்று உங்களுக்கே தெரியும். வெறும் பெயர் போட்டால் அடுத்த வாரம் யார் என்றே நினைவிருக்காது. அதனால் ஊர், அளவு, திசை, விற்கிற காரணம் எல்லாம் பெயரிலேயே இருக்கும். என் போனில் ஒரு அம்மாவின் எண் இப்படி இருந்தது: “வடவள்ளி டீச்சர் 7 சென்ட் கிழக்கு கல்யாணம் அவசரம்.”

ஆப் போட்ட சில வாரங்களில் அந்த டீச்சர் கூப்பிட்டார்கள். குரலே சரியில்லை.

“ஏந் தம்பி, உங்களை நம்பித்தானே சொன்னேன்? யார் யாரோ கூப்பிட்டுக் கேக்கறாங்க. ஒருத்தன் ‘வடவள்ளி டீச்சர், ஏழு சென்ட், கிழக்கு, கல்யாணத்துக்கு அவசரம், அதானுங்களே’ன்னு அப்படியே படிக்கறான். என்ற நாத்தனார் வூட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

கணவர் இறந்தபின் மகள் கல்யாணத்துக்காக, சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் சைட்டை விற்க நினைத்தவர். ‘அவசரம்’ என்று தெரிந்துவிட்டால் வாங்குகிறவர் விலையை எவ்வளவு அடித்துக் கேட்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிட்டவர்கள் சென்ட்டுக்கு லட்சக்கணக்கில் குறைத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் என் போனில் எனக்காக எழுதி வைத்த வார்த்தைகளை, முன்பின் தெரியாத ஒருவர் அந்த அம்மாவிடமே படித்துக் காட்டியிருக்கிறார். என் கமிஷன் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள, வீட்டில் யாருக்கும் கொடுக்காத புது சிம் எண் ஒன்றை ‘சூலூர் மில் ஓனர் 40 சென்ட் அவசரம்’ என்று பதிந்து வைத்தேன். என் போனைத் தவிர அந்தப் பெயர் உலகத்தில் எங்கேயும் கிடையாது. கொஞ்ச நாளில் அந்த சிம்முக்கு அழைப்பு வந்தது: “சார், மில் ஓனருங்களா? சூலூர்ல 40 சென்ட் இருக்குதாமே?” அழைப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், வழக்கில் அதுவும் ஒரு சான்று.

அப்புறம்தான் அவர்கள் எனக்கு அனுப்பிய ‘லீட்’ பட்டியலை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். “பல்லடம் ரைஸ்மில் அண்ணன் 2 ஏக்கர் கிணறு.” “அன்னூர் மாமா ஃப்ரெண்ட் தோட்டம்.” விளம்பரம் பார்த்து தானாகவே விவரம் கொடுக்கிற ஒருவர் தன் பெயரை ‘ரைஸ்மில் அண்ணன்’ என்றா எழுதுவார்? அது எங்கோ இருக்கும் இன்னொரு ஏஜென்ட்டின் போன்புக். அந்தப் பல்லடத்துக்காரரைக் கூப்பிட்டபோது அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. “நான் எங்க ஊர் ஏஜென்ட்டுகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன், உங்களுக்கு யார் நம்பர் குடுத்தது?” என்றார். உங்கள் பார்ட்டி எனக்கு லீட், என் பார்ட்டி உங்களுக்கு லீட். நடுவில் இருக்கிறவர் இரண்டு பேரிடமும் 42,480 வாங்கிக்கொள்கிறார்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து இறக்கச் சொல்ல மாட்டார்கள்; வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (ஸ்டோருக்கு வெளியே நேரடியாக ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்புவார்கள். கால் லாக், எஸ்எம்எஸ் இரண்டையும் படிக்கும் அனுமதியை எந்த ஆப்பும் இஷ்டத்துக்குக் கேட்கக் கூடாது என்று பிளே ஸ்டோரில் கட்டுப்பாடு உண்டு. வெளியிலிருந்து போடும் ஏபிகேவுக்கு அந்தச் சோதனை கிடையாது. திறந்ததுமே காண்டாக்ட், கால் லாக், எஸ்எம்எஸ், மைக், லொகேஷன் என்று வரிசையாக ‘அனுமதி’ கேட்கும். மறுத்தால் அடுத்த பக்கத்துக்கே போகாது. சைட் போட்டோவைச் சேமித்து வைக்க எஸ்எம்எஸ் எதற்கு? சரி கொடுத்த நிமிடமே மொத்த எண்களும் அவர்கள் சர்வருக்குப் போய்விடும். பிறகு ஆப்பை அழித்தாலும் போனது போனதுதான். அழிப்பது இனிமேல் சேரும் எண்களை மட்டும்தான் காப்பாற்றும்.

பணம் வாங்கிய விதம் இரண்டாவது மோசடி. “மாசம் 3,540 கட்டுனா போதும், ஜீரோ இன்ட்ரஸ்ட், பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாம்” என்றார்கள். பான், ஆதார் ஓடிபி, ஒரு செல்ஃபி வாங்கிக்கொண்டார்கள். ஆப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: மாதச் சந்தா என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் போட்டு, முழுத்தொகையையும் முதலிலேயே ஆப்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். நான் மாதாமாதம் கட்டுவது கடன் தவணை. ஆப் வேலை செய்யாவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

இந்த இடத்தில் பலர் கோபத்தில் வங்கிக்குப் போய் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். தவணை நின்றால் அபராதம் ஏறும், சிபில் ஸ்கோர் விழும், நாளைக்கு உங்கள் வீட்டுக் கடனுக்கே அது குறுக்கே நிற்கும். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். டிஜிட்டல் கடன் எதுவாக இருந்தாலும் வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும், அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகிக்கொள்ளக் குறிப்பிட்ட கால அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கு அந்த அறிக்கை வரவே இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கி, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிப்பவர்) ஆன்லைனிலேயே புகார் போடலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

மற்ற வசதிகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. டிஎன்ரெரா மனைப்பிரிவுகளையும் கட்டுமானத் திட்டங்களையும் ஏஜென்ட்டுகளையும்தான் பதிவு செய்கிறது. ஆப்புக்கு அப்ரூவல் கொடுக்கும் வேலை அதற்குக் கிடையாது. போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிக் காட்டும். 5 மீட்டர் என்றால் 16 அடி. முப்பது அடி முகப்பு சைட்டில் அதை வைத்து யாருக்கு என்ன சொல்ல முடியும்? சர்வேயரும், அரசின் நில அளவை வரைபடமான புலப்படமும்தான் அளவு.

வில்லங்கம் மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது. பதிவுத் துறையின் டிஎன்ரெஜினெட் தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதை எடுத்து, தங்கள் முத்திரையைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு வாங்குகிறார்கள். அது கூடப் பரவாயில்லை. தேடுவது இப்போதைய உட்பிரிவு எண்ணில் மட்டும். உட்பிரிவு ஆவதற்கு முன்னால் தாய் சர்வே எண்ணில் பதிவான அடமானம் அதில் வராது. ஒரு தோட்டத்துக்கு ஆப் ‘வில்லங்கம் இல்லை’ என்று பச்சை டிக் போட்டது. வழக்கம்போல பழைய எண்ணிலும் நானே தேடினேன். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு அங்கே உட்கார்ந்திருந்தது. புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு தம்பி அந்தப் பச்சை டிக்கை நம்பி டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தால், பார்ட்டியின் பணத்துக்கு யார் பொறுப்பு?

இப்போது நான் போனில் வைத்திருப்பது கொஞ்சம்தான். வில்லங்கத்துக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் டிஎன்ரெஜினெட். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படத்துக்கு அரசின் மின்சேவைத் தளம். புராஜெக்ட் என்றால் டிஎன்ரெராவில் பதிவு எண் சரிபார்ப்பு. லொகேஷனுக்கு மேப்ஸ். பார்ட்டி விவரம் மறுபடி டைரிக்கே போய்விட்டது. போனில் பெயரும் ஊரும் மட்டும். விற்கிற காரணத்தை இனி எந்தப் போனிலும் எழுத மாட்டேன். டீச்சரிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் வேறு எண் மாற்றிக்கொண்டார்கள்.

நான் அனுப்பிய வக்கீல் நோட்டீசுக்கு, “நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆக மாட்டீர்கள்” என்று பதில் போட்டார்கள். உங்களுக்கும் இதே பதில் வரலாம். சுயதொழில் செய்து பிழைக்கிற ஒருவர் அந்தப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியது வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. அவர்கள் அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துகொள்ளுங்கள். உங்களை ஏமாற்றிக் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அங்கே நேரம்தான் முக்கியம்.

ஆப்பை அழிப்பதற்கு முன்னால் சான்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் அந்த ஆப் வாங்கியிருக்கும் அனுமதிகளின் ஸ்கிரீன்ஷாட், ஏபிகே வந்த வாட்ஸ்அப் செய்தி, லீட் பட்டியல், கடன் கணக்கு அறிக்கை, விற்பனையாளர் பேசிய பதிவு இருந்தால் அதுவும். லீட் பட்டியலை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அதில் இருப்பவர்கள் இன்னொருவரை நம்பி எண் கொடுத்த மனிதர்கள். ஆணையத்தில் கொடுக்க மட்டும் வைத்திருங்கள்.

ஒரே நிறுவனத்தால் ஒரே விதத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் 3,540 தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், கடன் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன் வக்கீலிடம் சேர்ந்து போகலாம்.