கன அடிக் கணக்கில் களவு: வீட்டுக்கு மரம் வாங்குவோர் கவனத்துக்கு

சொந்தமாகச் சிறு வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள், நிலைக்கும் ஜன்னலுக்கும் மரம் வாங்க மரவாடியில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பாக இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மர விலை ஏறிக்கிடக்கும் இந்த நாளில் எல்லோரும் முதலில் கேட்பது ‘கன அடி என்ன விலை?’ என்பதைத்தான். எங்களை ஏமாற்றிய மரவாடி அந்தக் கேள்விக்கு மற்ற எல்லாரையும்விடக் குறைந்த விலையைச் சொன்னது. சொன்ன விலையை அவர்கள் கடைசிவரை ஒரு ரூபாய்கூட உயர்த்தவில்லை. கன அடியைக் கணக்கிட்ட விதத்திலும், மரத்தின் மேல் பூசியிருந்த சாயத்திலும்தான் எங்கள் பணம் போனது.

மதுரைக்கு வெளியே ஏறத்தாழ 600 சதுர அடியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குத் தேவைப்பட்ட மரம் அதிகமில்லை. தலைவாசலுக்கு 5க்கு 4 அங்குலத்தில் ஒரு நிலை, உள்ளே 4க்கு 3 அங்குலத்தில் மூன்று நிலைகள், நான்கு அடிக்கு நான்கு அடியில் நான்கு ஜன்னல் சட்டங்கள், அவ்வளவுதான். குளியலறைக்குப் பிவிசி கதவு போதும் என்றும், உள்ளறைகளுக்குப் பிளஷ் கதவு போதும் என்றும் முன்பே முடிவு செய்திருந்தோம். நிலையும் சட்டமும் மட்டும் தேக்கில் இருக்கட்டும் என்பது என் மாமனாரின் விருப்பம். விசாரித்த மரவாடிகளில் ஆப்பிரிக்கத் தேக்குக்குக் கன அடி 3,400 ரூபாயும் அதற்கு மேலும் சொன்னார்கள். நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு மரவாடி மட்டும் 2,800 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னது. தலைவாசல் நிலையைத் தங்கள் பட்டறையிலேயே செய்து அனுப்புவதாகவும், மற்றவற்றை அளவுக்கு அறுத்துத் தருவதாகவும் ஒப்புக்கொண்டது.

கன அடிக் கணக்கு எளிமையானது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுத்து, நீளத்தை அடியில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். எங்கள் தலைவாசல் நிலைக்கு நான்கு பக்கமும் சேர்த்து 21 அடி நீளம். ஆகவே 5×4×21 வகுத்தல் 144, அதாவது 2.92 கன அடி. உள் நிலைகள் ஒவ்வொன்றும் 17 அடி வீதம் மூன்றுக்கும் 4.25 கன அடி. ஜன்னல் சட்டமும் 4க்கு 3 அங்குலம்தான். ஒன்றுக்கு நடுக்கால்கள் உட்பட 24 அடி வீதம் நான்குக்கும் 8 கன அடி. மொத்தம் 15.17 கன அடி. 2,800 ரூபாய் வீதம் 42,476 ரூபாய். மரவாடியின் கணக்கும் இதுவேதான். தாளில் ஒரு தவறும் கிடையாது.

வந்து இறங்கிய மரத்தை எங்கள் ஆசாரி டேப் வைத்து அளந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவர் வயதில் பெரியவர், அதிகம் பேசாதவர். ஒரு சட்டத்தை நிமிர்த்திப் பிடித்து, அதன் முகப்பில் டேப்பை வைத்து, என்னைக் கிட்டே வரச்சொல்லி, “தம்பி, இது நாலுக்கு மூணு இல்ல, மூன்றரைக்கு ரெண்டரை. எல்லாமே இப்படித்தான் அறுத்திருக்காங்க, நீங்களே பாருங்க” என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் அரை அங்குலம்தானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் 4க்கு 3 என்றால் முகப்புப் பரப்பு 12 சதுர அங்குலம். மூன்றரைக்கு இரண்டரை என்றால் 8.75 சதுர அங்குலம். காசு கொடுத்த மரத்தில் கால்பங்குக்கும் மேல் வந்து சேரவேயில்லை. தலைவாசல் நிலையும் நாலரைக்கு மூன்றரையாகவே இருந்தது. எல்லாவற்றையும் அளந்து கூட்டியதில் எங்கள் கைக்கு வந்தது 11.23 கன அடி மட்டுமே. கொடுத்த பணத்தை வந்த மரத்தால் வகுத்துப் பார்த்தால் கன அடி விலை ஏறத்தாழ 3,780 ரூபாய் ஆகிறது. விலை கூடுதல் என்று நாங்கள் விட்டுவந்த மரவாடி முழு அளவில் கொடுத்திருந்தால், அதுவே எங்களுக்கு மலிவாக முடிந்திருக்கும்.

தொலைபேசியில் கேட்டதற்கு, ‘அறுப்புச் சேதாரம், இழைப்புச் சேதாரம் எல்லாம் கழியத்தானே செய்யும்’ என்று பதில் வந்தது. இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் அடங்கிப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். ரம்பம் தின்னும் மரம் உண்டு. இழைப்புளி போட்டால் பக்கத்துக்கு ஒரு நூல் அளவு குறைவதும் உண்டு. ஆனால் இழைக்காமல், அறுத்த வாக்கில் சொரசொரப்பாக வந்த சட்டத்தில் இழைப்புச் சேதாரம் எங்கிருந்து வரும்? அந்தச் சட்டங்களை இனிமேல்தான் எங்கள் ஆசாரி இழைக்க வேண்டும். இழைத்தால் இருப்பதும் இன்னும் குறையும். இழைத்து வரும் மரத்தில் என்ன அளவு மிஞ்சும் என்பதை விற்பவர் முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற விலையைப் போடுவதுதான் நேர்மை. முழு அளவுக்கு விலை வாங்கிக்கொண்டு, குறைந்த அளவுக்கு ரம்பத்தை வைப்பது சேதாரமாகாது.

அளவுக் குறைவைவிட என்னை அதிகம் வருத்தியது தலைவாசல் நிலைதான். எங்கள் பக்கத்தில் நிலை வைப்பது ஒரு சுபகாரியம். நல்ல நாள் பார்த்து, உறவினரை அழைத்து, நிலைக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு நிறுத்துவோம். ஆர்டர் கொடுத்த அன்றே மரவாடிக்காரர், “நிலை என்னைக்கு சார் வைக்கிறீங்க?” என்று அக்கறையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நாளைக்கு வரும், நாளை மறுநாள் வரும் என்று இழுத்தடித்து, நிலை வைப்பதற்கு முந்திய மாலை இருட்டும் நேரத்தில்தான் வண்டியை அனுப்பினார்கள். விடிந்தால் முகூர்த்தம் என்ற நிலையில் எந்தக் குடும்பமும் நிலையைத் திருப்பி அனுப்பாது என்பது அவர்களுக்குத் தெரியும். இப்படிக் கடைசி மாலையில் நிலை வந்து இறங்கியதாக இன்னும் சில வீட்டுக்காரர்கள் என்னிடம் சொன்ன பிறகு, இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நிலை முழுவதும் அடர்த்தியான பழுப்புச் சாயம் பூசி, அதன்மேல் வார்னிஷும் அடித்து அனுப்பியிருந்தார்கள். பூசாத மரத்தைத்தான் கேட்டிருந்தோம். சுவருக்குள் மறையும் பின்பக்கத்தில் ஆசாரி உளியை வைத்து ஓர் ஓரத்தை மட்டும் சீவினார். சாயம் ஒரு தோல்போல உரிந்து வந்தது. அதற்குக் கீழே தேக்கின் பொன்பழுப்பு இல்லை, வெளிர் மஞ்சளாக வெள்ளை மரம் இருந்தது. நிலைக்காலின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை அப்படி வெள்ளையாகவே இருந்தது. ஆணிக்குழிபோலத் தெரிந்த இடத்தைக் கிளறினால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த மக்குப் பூச்சு. அதைத் தட்டியதும் உள்ளிருந்து மாவுபோல நைசான தூள் கொட்டியது. வண்டு ஏற்கெனவே குடியேறிய மரம்.

தேக்கு என்றாலே பூச்சி அரிக்காது என்று நம்புகிறோம். அந்தத் தன்மை மரத்தின் நடுவிலுள்ள வைரத்துக்கு மட்டுமே உண்டு. அதைச் சுற்றியிருக்கும் வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும். வண்டும் கரையானும் அந்த வெள்ளையைத்தான் எளிதில் அரிக்கும். இப்போது சந்தைக்கு வரும் தோட்டத் தேக்கில் பெரும்பகுதி இளம் வயதில், குறைந்த சுற்றளவில் வெட்டப்படுகிறது. மரம் இளையதாக இருந்தால் வெள்ளையின் பங்கு அதிகமாகவே இருக்கும். ஆகவே ‘இது தேக்குதானா?’ என்று மட்டும் கேட்டால் ‘தேக்குதான்’ என்ற உண்மையான பதிலோடு வெள்ளையைத் தள்ளிவிட வழியிருக்கிறது. ‘வெள்ளை இல்லாமல் தருவீர்களா?’ என்று கேட்டு, அதை எழுதி வாங்க வேண்டும்.

‘அசல் பர்மா தேக்கு’ என்ற பேச்சையும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகும் ‘நேற்றுத்தான் பர்மாத் தடி இறங்கியது’ என்று ஒருவர் முற்றத்தில் கிடக்கும் தடியைக் காட்டிச் சொன்னால், இறக்குமதிக்கான காகிதங்களைக் கேட்பதில் தவறில்லை. இந்த மரவாடியிலும் முதலில் பர்மா என்றுதான் ஆரம்பித்தார்கள். காகிதம் கேட்டதும் கானா நாட்டுத் தேக்கு என்று மாற்றிக்கொண்டார்கள்.

மரம் காயவும் இல்லை. நிலை, ஜன்னல் வேலைக்கான மரத்தில் ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐஎஸ் 287 என்ற இந்தியத் தரநிர்ணயமே இருக்கிறது. அந்தந்தப் பகுதியின் தட்பவெப்பத்தைப் பொறுத்து அது ஏறக்குறைய 10 முதல் 16 சதவீதத்துக்குள் அமைய வேண்டும். எங்களுக்கு வந்த சட்டங்களில் ஈரமானியை வைத்தபோது 28 வரை காட்டியது. இப்படிப்பட்ட மரத்தைச் சுவரில் பதித்தால், காயக்காய அகலத்தில் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, கதவு சேராமல் போகும். ஓரங்களில் சிமெண்டுப் பூச்சும் விட்டுவிடும்.

முதல் நாளிலிருந்தே என் மனைவி ஜிஎஸ்டி பில் கேட்டுக்கொண்டிருந்தார். ‘பில் போட்டால் 18 சதவீதம் கூடுமே அம்மா, உங்களுக்கு எதற்கு வீண் செலவு’ என்று முதலில் சொன்னார்கள். வற்புறுத்தியதும் மரத்தோடு வந்துவிடும் என்றார்கள். மரத்தோடு வந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட, கடையின் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. நல்லவேளையாகப் பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்பியிருந்தோம். அளவுகளை உறுதிப்படுத்திய வாட்ஸ்அப் செய்தியும் இருந்தது. டேப்பை வைத்து ஒவ்வொரு சட்டத்தையும் படம் எடுத்து, பதிவுத் தபாலில் புகார் அனுப்பினோம். பதில் வரவில்லை. தொழிலாளர் துறையின் கீழுள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவில் மனு கொடுத்த பிறகுதான் ஆள் அனுப்பி, அளவில் குறைந்த மரத்துக்கான 11,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். உளுத்த நிலைக்குப் பொறுப்பேற்க மறுத்துவிட்டதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம், அது நடந்துகொண்டிருக்கிறது.

நிலையை முகூர்த்தத்துக்காகப் பெயரளவுக்கு நிறுத்தி, பூசை முடிந்ததும் எடுத்துவிட்டு, வேறு மரவாடியில் வேங்கை வாங்கி அதே ஆசாரியைக் கொண்டு புதிதாகச் செய்தோம். உள் நிலைகளுக்கு வேம்பு போட்டோம். நாங்கள் விசாரித்த இடங்களில் வேம்பின் விலை தேக்கில் பாதிக்கும் கீழேதான் இருந்தது. நன்றாகக் காயவைத்து, வைரமுள்ள பகுதியாகப் பார்த்து அறுத்தால் உள் வேலைக்கு அது தாராளமாகப் போதும். கோங்கும் நிலைக்கு நல்ல மரம். மழைச்சாரல் படும் ஜன்னல்களுக்கு யுபிவிசி என்ற கடினப் பிளாஸ்டிக் சட்டம் போடுவதில் எந்தக் குறையும் இல்லை. சாயம் பூசிய வெள்ளைத் தேக்கைவிட இவை ஒவ்வொன்றும் மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

செலவைக் குறைக்கப் பழைய மரம் தேடுவோரும் இருக்கிறார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவு, நிலை, தூண்கள் கிடைக்கின்றன. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் அங்கிருந்து கொண்டுவந்த தேக்கு அந்த வீடுகளில் நிறையவே உண்டு. காய்ந்து முதிர்ந்த மரம் என்பதால் முறுக்கிக்கொள்ளும் பயமில்லை. ஆனால் அங்கும் ஆசாரி இல்லாமல் போகக் கூடாது. பழைய ஆணிகளும் துளைகளும் அறுப்பில் எவ்வளவு மரத்தைத் தின்னும் என்பதை அவரால்தான் மதிப்பிட முடியும்.

புதிய மரம் வாங்குவோர், அறுத்த பிறகு கைக்கு வரும் அளவு எத்தனை அங்குலம் என்பதையும், மரத்தின் இனத்தையும், வெள்ளை இருக்காது என்பதையும், ஈரப்பத அளவையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நிலை வைக்கும் தேதி எது என்று கேட்டால், உண்மையான நாளுக்கு இரண்டு வாரம் முந்திய ஒரு தேதியைச் சொல்லுங்கள். சாயமோ பிரைமரோ பூசாமல் வெறும் மரமாக வர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டியிலிருந்து மரத்தை இறக்கும் முன்பே அளந்து, நான்கு பக்கமும் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் சீவிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

ஏற்கெனவே துண்டுச் சீட்டில் மரம் வாங்கியவர்கள், அதில் எழுதியுள்ள அளவையும் வீட்டில் பதிந்துள்ள சட்டத்தின் அளவையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.