மின்கார் சார்ஜ் ஆகாத வீடு: கோத்தகிரி எலெக்ட்ரீஷியன் ஒருவரின் வேலை குறித்து

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாளும் தகராறு செய்யாத எங்கள் மின்சாரக் கார், மாசி பிறந்ததும் இரவில் பாதியிலேயே சார்ஜ் ஆவதை நிறுத்தத் தொடங்கியது. காருடன் தந்த 15 ஆம்பியர் கேபிளின் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் சில நிமிடங்கள் பச்சை, பிறகு மீண்டும் சிவப்பு. கார் வாங்கிய இடத்திலிருந்து வந்தவர் கேபிளை மாற்றிக் கொடுத்தார். அன்றிரவே புதிய கேபிளும் சிவப்பு காட்டியது. அடுத்து, காருக்குள் இருக்கும் சார்ஜரையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். வீட்டுச் சாக்கெட்டில் மீட்டரை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகே கோத்தகிரியில் வயரிங் கடை வைத்திருப்பவரை அழைத்தேன். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தள்ளித்தான் வந்தார். ஆனால் வந்தவர் காரின் பக்கமே போகாமல், "மழை நின்ற பிறகுதானே சார் இந்தத் தொல்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

சாக்கெட்டில் மின்சாரம் வரும் கம்பியான ஃபேசுக்கும் அது திரும்பும் கம்பியான நியூட்ரலுக்கும் இடையே 221 வோல்ட் இருந்தது. நியூட்ரலுக்கும், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், மல்டிமீட்டர் 40ஐத் தாண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்து இணைத்தார். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பளிச்சென்று எரிந்த அதே பல்பில், எர்த்துக்கு மாற்றியதும் இழை மட்டும் செம்மண் நிறத்தில் கனன்றது. எர்த் சரியில்லை என்பதற்கு அதுவே அடையாளம். (தொழில் தெரியாதவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) எங்கள் பழைய ஓட்டு வீட்டில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது, இருந்திருந்தால் பல்பு கனலும் முன்பே அது விழுந்திருக்கும்.

கீசரும் கிரைண்டரும் எர்த் இல்லாமலும் ஓடிவிடுவதால் இந்தக் குறை பல ஆண்டுகள் மறைந்தே கிடந்திருக்கிறது. கார் சார்ஜரோ எர்த்தைச் சோதித்துவிட்டே மின்சாரத்தை எடுக்கிறது. தோண்டிப் பார்த்தபோது, பழைய எர்த் குழாய் மூன்றடியிலேயே பாறையில் முட்டி நின்றிருந்தது. மேல்மண் ஈரமாக இருந்தவரை வேலை செய்த அது, மண் காய்ந்ததும் கைவிட்டுவிட்டது. சமையலறைத் தண்ணீர் வடியும் பக்கம், தேயிலைச் செடிகளை ஒட்டி எப்போதும் ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து, எட்டடிக்குப் புதிய குழி எடுத்தார். கரியும் உப்பும் போடலாமே என்றதற்கு, உப்பு குழாயை அரிக்கும், மழையில் கரைந்தும் போகும் என்று மறுத்து, பென்டோனைட் களிமண் தூளை நிரப்பினார். வேலை முடிந்த மாலையில் மீட்டர் 1.8 வோல்ட் காட்டியது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்திவிட்டார்.

சாக்கெட்டில் ஒரு துளையின் ஓரம் பழுப்பேறி இருந்ததையும் அவரே கண்டுபிடித்தார். உள்ளே வயரை இறுக்கும் திருகு தளர்ந்திருந்தது. மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடும் இடத்தில் தளர்ந்த திருகு தீ விபத்துக்கே வழி வைக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் 40 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 9 வோல்ட் இழப்பாகும் என்று கணக்கிட்டு, 4 சதுர மில்லிமீட்டர் வயரை, மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் துண்டிக்கும் தனி எம்சிபி சுவிட்சுடன் இழுத்தார். இழப்பு ஐந்தரை வோல்ட்டாகக் குறைந்தது. ஊரெல்லாம் கீசர் போடும் மாலை நேரத்தில் எங்கள் பக்கம் 195 வரை இறங்கும் மின்னழுத்தத்துக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. சார்ஜிங்கை இரவு 11 மணிக்குத் தொடங்கும்படி நான் மாற்றிக்கொண்டேன். 85 சதவீதத்தில் சார்ஜ் நிற்பதையும் கோளாறு என்று எண்ணி வீட்டில் கவலைப்பட்டார்கள். அது நானே வைத்த அளவு. பேட்டரி நிரம்பியிருந்தால், மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்கிலிருந்து திரும்பும் மின்சாரத்தை அது ஏற்காது.

வேலைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ரசீதில் எல்லாவற்றையும் "எர்த் வேலை" என்று ஒரே வரியில் எழுதி 14,200 ரூபாய் போட்டிருந்தார். அவரை அழைப்பவர்கள் பொருள் தனி, கூலி தனி என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. குழிக்கு மேல் போட வேண்டிய சிமென்ட் மூடி இன்னும் வந்து சேரவில்லை. இப்போதைக்கு ஒரு பலகையைப் போட்டு, மேலே கல்லை ஏற்றி வைத்திருக்கிறேன்.