லெபோ பாசார் பாத்திரக்கடைக்குக் காந்தத்தோடு போங்கள்

மகள் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு அடுக்குமாடிக் கொண்டோவுக்குக் குடிபோயிருக்கிறாள். அங்கே இன்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான். அவளுக்குச் சாமான் வாங்கத்தான் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் இருக்கும் ஒரு பழைய பாத்திரக்கடைக்குப் போனோம். குறையும் சொல்லப்போவதால் கடைப் பெயர் வேண்டாம்.

சாமானுக்குப் பஞ்சமே இல்லை. அண்டா, குண்டான், தூக்குவாளி, டபரா செட், புட்டுக்குழல், இடியாப்ப அச்சு, அஞ்சறைப்பெட்டி என்று தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள், நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். கல்லாவில் இருக்கும் பெரியவருக்கு எல்லாம் தெரியும். பிரச்சினை என்னவென்றால், விற்பது அவர் இல்லை, பையன்கள்.

இருப்பதிலேயே நல்ல சரக்கு இரும்புதான். தோசைக்கல் நல்ல கனம், அடி சமமாக இருக்கிறது, 48 வெள்ளி (ரிங்கிட்). இன்டக்‌ஷனிலும் சூடேறும். வாங்கியதும் மேலே பூசியிருக்கும் எண்ணெயை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்து இரண்டு மூன்று நாள் பழக்க வேண்டும். முதல் தோசை பிய்ந்து வந்தால் கடையைத் திட்டாதீர்கள்.

கல்சட்டியும் வாங்கினேன், ஆனால் எனக்கு. மாவுக்கல்லில் குடைந்தது, இன்டக்‌ஷனுக்கு ஆகாது. சில நாள் சூடான கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, அப்புறம் சிறு தீயில் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் விரிசல்தான். பழகிவிட்டால் வத்தக்குழம்பை இறக்கி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும்.

ஈயச்சொம்பை மகள் கையில் எடுத்ததும் பெரியவரே கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார், "ரசத்தை ஊத்திட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கணும்மா." வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், 1998இல் என் மாமியார் கொடுத்த சொம்பு அப்படித்தான் போனது. இதில் வேடிக்கை, ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் அனுப்பிய கிந்தா பள்ளத்தாக்கு பக்கத்து மாநிலமான பேராக்கில்தான் இருக்கிறது, சொம்பு மட்டும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வருகிறது.

பித்தளைப் பொங்கல் பானை பளபளவென்று இருக்கிறது, ஆனால் உள்ளே ஈயம் பூசவில்லை. பொங்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புளி சேர்ந்த எதையும் அதில் வைக்காதீர்கள். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். எவர்சில்வர் குண்டான் ஒன்றைக் காட்டி இன்டக்‌ஷனில் ஓடுமா என்று கேட்டேன். "எல்லாம் ஓடும்கா" என்றான் பையன், தலையைக்கூட நிமிர்த்தாமல். வீட்டில் வைத்தால் அடுப்பு கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. எல்லா எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டாது, அடியில் காந்தம் ஒட்டினால்தான் அந்த அடுப்பு ஏற்றுக்கொள்ளும். மறுநாள் கொண்டுபோனால் கழுவிய பாத்திரத்தை மாற்ற மாட்டார்களாம். 65 வெள்ளி! ஆகவே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

மூன்றடுக்கு டிபன் கேரியர், இங்கே மங்கோக் திங்காட் என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரிகிறது, அருமை. கொக்கி இறுக்கமாகப் பிடிக்கிறது. நாசி கண்டார் கடைக்குக் கொண்டுபோய், எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றச் சொல்லி வாங்கி வந்தேன், காரில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கண்டார் என்றாலே தோளில் போடும் காவடிக் கம்புதானே, அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றவர்கள் நம் ஆட்கள்தான்.

சனி ஞாயிறு போகாதீர்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது. குண்டான் இப்போது என் கேஸ் அடுப்பில் பால் காய்ச்சுகிறது, மகள் இன்னும் ரைஸ் குக்கரில்தான் ரசம் வைக்கிறாள்.