தெஹிவளை வீட்டு முற்றத்தில் ஒரு டீசல் கெப்: பல ஆண்டுப் பராமரிப்பு அனுபவம்

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ, 2.5 லீட்டர் டீசல் என்ஜின், நான்கு சக்கர இயக்கம், டபிள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த சரக்குப் பகுதியும் உள்ள வண்டி). கொழும்பின் பழைய சோனகத் தெருவிலிருந்து குழாய்களும் பெயின்ற் வாளிகளும் ஏற்றி வருவதற்கும், ஆண்டில் சில தடவை ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்வருவதற்கும் எங்களிடம் உள்ள ஒரே வண்டி இதுதான். நெடுநாள் இதைச் சேர்விஸ் நிலையத்திலேயே கொடுத்து வந்தேன். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வண்டிகளின் விலை புதியவற்றின் விலையைத் தாண்டத் தொடங்கியது. இந்த வண்டி போனால் இன்னொன்று வாங்க வழியில்லை என்ற நிலை வந்தபோதுதான் ஸ்பானர் பெட்டி வாங்கினேன்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. நான் வீட்டு வேலையை நிறுத்தவில்லை. பணம் மிச்சமாகிறதா என்று கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்கிறேன்: மிச்சமாவது கூலி மட்டும்தான். ஒயிலும் பில்டரும் யார் மாற்றினாலும் அதே விலை. கருவிகளுக்குப் போட்ட பணம் திரும்பி வரவும் காலம் பிடிக்கும். என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொரு காரணம். சேர்விஸ் நிலையத்தில் வண்டிக்குள் என்ன ஊற்றினார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் பார்க்கலாம்; வண்டியிலிருந்து என்ன வெளியே வந்தது என்பதைப் பார்க்க முடியாது. அது நேராகக் குழிக்குள் ஓடிவிடுகிறது. ஒரு டீசல் என்ஜினின் உடல்நிலையைச் சொல்வது அந்த வெளியே வரும் கழிவுதான்.

ஒயில் மாற்றுவதிலிருந்து தொடங்குகிறேன். இந்த என்ஜினுக்குப் பில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 7 லீட்டர் வேண்டும். நான் ஊற்றுவது டீசலுக்கென்றே தரப்படுத்திய 15டபிள்யூ-40. நம் வெப்பத்திற்கு இது போதும். புகை வடிகட்டி பொருத்திய புதிய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் சாம்பல் குறைந்த வகை ஒயிலைக் கையேட்டைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய வகை ஒயில் அந்த வடிகட்டியை அடைத்துவிடும்.

கெப் வண்டியில் ஒரு வசதி உண்டு. நிலத்திலிருந்து உயரமாக நிற்பதால் ஒயில் மாற்ற ஜாக் போட வேண்டிய தேவையே இல்லை. அடியில் உள்ள காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, சாக்கு விரித்துப் படுத்தால் கை எட்டும். சக்கரம் கழற்றும் வேலை என்றால் கதை வேறு. சமதரை, சக்கரத்திற்குத் தடைக்கட்டை, வண்டிச் சட்டத்தின் (சேசியின்) கீழ் எடையைத் தாங்கி நிற்கும் உறுதியான தாங்கி ஆகிய மூன்றும் இல்லாமல் அடியில் தலையை நீட்டக் கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஒயில் இளஞ்சூடானதும் வடிகால் போல்ட்டைத் திறக்கிறேன். ஒயில் கறுப்பாகத்தான் வரும். டீசல் என்ஜினில் புதிய ஒயில் ஊற்றிய சில நாட்களிலேயே கரி கலந்து கறுத்துவிடும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கறுப்பைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை வேறு. கையுறை விரலில் சிறிது எடுத்து வெயிலில் திருப்பிப் பார்க்கும்போது பொன்துகள் போல மினுங்கினால் எங்கோ பெயாரிங் தேய்கிறது. பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒயில் அளவு காலப்போக்கில் குறையாமல் கூடிக்கொண்டே போய், டீசல் மணமும் அடித்தால், என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் கசிந்து எரிபொருள் கீழே இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். ஒயில் குறையவில்லையே என்று பலர் மகிழ்ச்சி அடைகிறார்கள். கூடுவது குறைவதைவிட மோசம், ஏனென்றால் டீசல் கலந்த ஒயில் நீர்த்துப் போய் பெயாரிங்கைக் காக்கும் வலுவை இழந்துவிடுகிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்ற கேள்விக்குக் கொழும்பில் கிலோமீட்டர் சரியான விடை இல்லை. மாலை நேரத்தில் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டர் அசையாது. அதனால் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன். யாழ்ப்பாணம் போய்வரும் நெடுந்தூர ஓட்டத்தை அந்த என்ஜின் விரும்பித்தான் ஓடுகிறது. அதை வதைப்பது கொழும்பு நெரிசல்.

டீசல் பில்டர்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் இன்றைய கொமன் ரெயில் என்ஜின்களில் எரிபொருள் 1,000 பாரைத் தாண்டிய அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. அந்தப் பம்பிற்கும் இன்ஜெக்டருக்கும் வேறு எண்ணெய் கிடையாது. டீசலே அவற்றுக்கு வழுவழுப்புத் தருகிறது. தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. சில துளி போனாலே உராய்வும் துருவும் தொடங்கிவிடும், ஒரு தொகுதி இன்ஜெக்டரின் விலையைக் கேட்டால் இரவில் தூக்கம் வராது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி காலியான எரிபொருள் தாங்கியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிறது. மழைக்காலத்தில் எரிபொருள் நிலையத்து நிலத்தடித் தாங்கியிலிருந்தும் வரலாம். 2022இல் வரிசையில் நின்று டீசல் வாங்கி, கிடைத்த பிளாஸ்டிக் கேன்களிலெல்லாம் சேர்த்து வைத்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த டீசலைத் துணியால் வடித்து ஊற்றினாலும் தண்ணீர் துணியைத் தாண்டித்தான் வரும்.

எனவே டாஷ்போர்டில் பில்டர் விளக்கு எரியும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு ஒயில் மாற்றத்தோடும் பில்டரின் அடியில் உள்ள வடிகாலைத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, மேலே உள்ள கைப்பம்பை அழுத்துகிறேன். போத்தலை மதில்மேல் வைத்துச் சிறிது நேரம் அசையாமல் விட வேண்டும். கலங்கல் தெளிந்ததும் டீசல் மேலேயும் தண்ணீர் அடியிலும் பிரிந்து, நடுவில் கோடு கிழித்தது போல ஒரு எல்லை தெரியும். பெரும்பாலும் அடியில் எதுவும் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு தடவை விரல்நுனி உயரத்திற்குத் தண்ணீர் நின்றது. அதற்கு அடியில் கபில நிறத்தில் துருத்தூளும் படிந்திருந்தது. விளக்கு எரியவில்லை, வண்டியின் இழுவையிலும் மாற்றம் இல்லை. அந்தப் போத்தலைப் பார்த்த நாளிலிருந்து எரிபொருள் தாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. எரிபொருள் போடும் இடத்தையும் மாற்றினேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பில்டர் வரைக்கும்தான் நம் கை போகலாம். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் உலோகக் குழாய்களைத் தளர்த்திப் பார்ப்பது பழைய டீசல் என்ஜின்களின் பழக்கம். கொமன் ரெயிலில் என்ஜின் ஓடும்போது அதைச் செய்தால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகள்தான். சேசி இலக்கத்தை எழுதிக்கொண்டு, கழற்றிய பழைய பாகத்தையும் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. போலி பில்டர்கள் பெட்டி, முத்திரை எல்லாவற்றோடும் வருகின்றன. பாரத்தைக் கையில் பாருங்கள், ஒயில் திரும்பி வழியாமல் தடுக்கும் வால்வின் ரப்பரை விரலால் தொட்டுப் பாருங்கள், மடிப்புக் காகிதம் நெருக்கமாக இருக்கிறதா என்று துளை வழியே நோக்குங்கள். வடிகால் போல்ட்டின் வொஷரைச் சிலவாகச் சேர்த்து வாங்கி வைத்தால் ஒவ்வொரு தடவையும் புதியது போடலாம். விலை அற்பம், அதனால் நிற்கும் கசிவு பெரிது.

கிரீஸ் அடிப்பதை இன்றைய சேர்விஸ் நிலையங்களில் அவசரமாகவே செய்கிறார்கள். நான்கு சக்கர இயக்க வண்டியில் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் கொண்டுபோகும் புரொப்பலர் தண்டுகளில் உள்ள ஒவ்வொரு நிப்பிளையும் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மணலையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம். வெள்ளத்தில் இறங்கிய வண்டி என்றால் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் (டிஃப்) ஒயிலையும் திறந்து பார்க்க வேண்டும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நிவாரணம் கொண்டுபோன கெப் வண்டிகள் பல. சூடான டிஃப் திடீரெனத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். அங்கேயும் அதே பால்தேநீர் நிறத்தைத்தான் தேட வேண்டும்.

கடற்காற்றுக்கு எதிரான போர் முடிவதே இல்லை. மரைன் டிரைவ் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரால் சட்டத்தின் உட்புறத்தையும் லீஃப் ஸ்பிரிங் மாட்டிய இடங்களையும் கழுவுகிறேன். துரு கண்ட இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடிக்கிறேன். கழிவு ஒயிலை அடியில் பூசுகிற வழக்கம் இங்கே பரவலாக உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அது ரப்பர் புஷ்களை ஊதிப் பிளக்கச் செய்கிறது, மழையில் வழிந்து வீதிக்கும் வருகிறது. வடித்த ஒயிலை மூடியுள்ள கேனில் அடைத்து, பீப்பாய் வைத்திருக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுகிறேன். எங்கள் வடிகான்கள் தெஹிவளைக் கால்வாய்க்குப் போகின்றன, கால்வாய் கடலுக்குப் போகிறது. அந்தக் கரையில் வலை இழுக்கிறவர்களின் முகத்தில் விழிக்க வேண்டுமே.

எனக்கு நானே போட்ட எல்லையும் உண்டு. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை வீட்டில் தொடுவதில்லை. இந்த என்ஜினில் அதை 150,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறது கையேடு. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பெல்ட் மாற்றச் சொல்லி டாஷ்போர்டில் எரியும் விளக்கை அணைத்துவிட்டுப் பெல்ட்டை மாற்றாமல் விற்கிற ஆட்களும் உண்டு என்பதால், பழைய வண்டி வாங்குகிறவர்கள் மாற்றியதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்திற்கு முன் நடக்கும் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டியை நிறுத்தி வைத்தே ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பார்கள். வயதான பெல்ட்டோடு அங்கே போவது ஆபத்து. நான் அதற்கு முன் எயார் பில்டரைத் தூசு தட்டி அல்லது மாற்றி, ஒயில் அளவு பார்த்து, நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிக் கரியைக் கழித்துவிட்டே போகிறேன்.

பெல்ட்டுக்கும் பிரேக் குழாய்களுக்கும் கிராண்ட்பாஸில் உள்ள ஒரு கராஜுக்குப் போகிறேன். அங்கே மூத்த மெக்கானிக் ஒருவர் என் கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக வாசிப்பார். "தம்பி, போன மாரிக்குப் பிறகு தண்ணீர் வந்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொனட்டைத் திறப்பார். திகதி, மீட்டர் எண், வடித்ததின் நிறம், போத்தலில் கண்டது என நான் எழுதி வைப்பவை அவருக்கு நோய் வரலாறு. வீட்டு வேலை வேறு கராஜ் வேலை வேறு என்று பிரிக்காமல், ஒன்றை மற்றொன்றுக்குத் துணையாக வைத்துக்கொண்டால்தான் இந்த வயது வண்டிகளை ஓட்ட முடிகிறது.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் விலை உயர்ந்த கருவித் தொகுதிக்கு ஓட வேண்டாம். முதலில் அந்த வண்டிக்குரிய கையேடு, அடுத்து வண்டியைத் தாங்கி நிற்க இரண்டு நல்ல தாங்கிகள், பிறகு வடிகால் போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர், ஒயில் பில்டர் கழற்றும் கருவி, அகலமான தட்டு, ஒரு கண்ணாடிப் போத்தல். முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானரையும் சேர்த்து வாங்க முடிந்தால் அலுமினியத்தில் போல்ட் மரை கெடாமல் இருக்கும். கிரீஸ் கன்னை அடுத்த மாதம் வாங்கலாம்.